தெல்தெனிய நீரில் பனிக்கட்டித் தூண்டில்

அலவத்துகொடவில் இறங்கி, பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் கையில் தூண்டில் இல்லை என்பது உறைத்தது. பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு விமான நிலையத்திலும் "குழாய்க்குள் என்ன, துப்பாக்கியா?" என்ற கேள்விக்குப் பல்லைக் காட்டிப் பதில் சொல்லிக் கொண்டுவந்த தூண்டில். கடைசிப் பத்து மைலில் பறிகொடுத்துவிட்டேன்.

குற்றம் மாலு பணிசுடையது. கண்டி பஸ் நிலையத்தில் வாங்கினேன். முக்கோண வடிவில் ஒரு ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்கோடு பிசைந்த மீன். ஒன்று தின்றவன் இன்னொன்று வாங்கினேன். எண்ணெய்க் கையோடு குழாயைப் பிடிக்க வேண்டாமென்று மேல்தட்டில் வைத்தேன். அதோடு சரி.

நிறுத்தத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பஸ்ஸில உட்டுட்டீங்களா? மாத்தளைக்குப் போய் இதே பாதையாலதான் திரும்பி வரணும். வேற வழி இல்ல அதுக்கு. இரிங்க, பிளேன்டீ குடிங்க."

உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் வெல்லம் தந்தார். அதைக் கடித்துக்கொண்டே சாயத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மூன்று குடித்தேன். நான் இருக்கும் கனடாவின் வின்னிபெக்கில் பஸ்ஸில் எதையாவது விட்டால் ஒரு படிவம் நிரப்பி, ஒரு எண் வாங்கி, ஒரு வாரம் காத்திருந்து, பிறகு கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். இங்கே மூன்றாவது டம்ளர் முடிவதற்குள் பஸ் வந்து நின்றது. நடத்துநர் குழாயை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. கடைக்காரர் மொழிபெயர்த்தார்: "துவக்கோ எண்டு பயந்து தொறந்து பாத்தாராம். புள்ளைகள்ட வெளயாட்டுச் சாமான் எண்டு சொல்றார்."

எனக்குச் சுருக்கென்றது. அது விளையாட்டுச் சாமான் இல்லை. பனிக்கட்டித் தூண்டில்.

நான் இருக்கும் ஊரில் வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கும். அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பனிக்கட்டியில் துளை போட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மீன் பிடிப்போம். நேரே கீழே இறக்குவதுதான் வேலை, வீச வேண்டியதில்லை. அதனால் கோல் இரண்டடிதான். நாங்கள் தேடுவது வால்ஐ என்ற மீனை. இருட்டில் விளக்கடித்தால் பூனைக்கண் மாதிரி மின்னும் அதன் கண். வெள்ளைச் சதை, கொஞ்சம் முள். பொரித்துத் தின்றால் நம் ஊர் விரால் நினைவுக்கு வரும். பதினெட்டு வருடமாக ஒரு வாளியில் நானும் இன்னொரு வாளியில் ரிஸ்வானும் உட்கார்ந்து அதைப் பிடித்துவருகிறோம். எனக்குத் திருநெல்வேலி, அவனுக்கு அலவத்துகொட. எனக்கு வீடுகளின் சூடேற்றிகளைப் பழுதுபார்க்கும் வேலை, அவன் அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான்.

ஊருக்குப் போகிறேன், கொழும்பில் விமானம் மாறுகிறேன் என்று நான் வாய் தவறிச் சொன்ன அன்றே அவன் குழாயை என் மடியில் வைத்தான்.

"நானாட கையில குடுங்க. தபால்ல போட்டா மதினி வாங்கி ஒளிச்சிருவா."

நானா என்றால் அவன் அண்ணன், பாரூக். கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்றவர். மகாவலி ஆற்றில் தூண்டில் போடாத ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருந்ததில்லையாம். போன வருடம் ஒரு காலையில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மெல்ல மெல்லத் திரும்ப வந்தது, கை வரவில்லை. வீட்டில் சொல்லாமல் ஒருநாள் தம் பழைய நீளத் தூண்டிலோடு கட்டுகஸ்தோட்டைக்குப் போய், கரைச் சேற்றில் சறுக்கி விழுந்தார்; நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். அன்றே பரீதா மதினி எல்லாத் தூண்டில்களையும் சொந்தக்காரர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மனிதர் வாசலைத் தாண்டவில்லை, சரியாகப் பேசவும் இல்லை.

ரிஸ்வானின் கணக்கு எளிது. இந்த இரண்டடிக் கோலை ஒரு கையால் ஆட்டலாம். மீன் மாட்டினால் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதே கையால் சுற்றலாம். நீளக் கோலில் அது நடக்காது.

வீடு மேட்டில் இருந்தது. பாரூக் நானா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நெட்டையான மனிதர், நரைத்த தாடி. வலது கையை மடியில் வைத்து அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தார், யாரோ அவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள்போல. அலுமாரி மேல் ஒரு சிவப்பு ரப்பர் பந்து இருந்தது. கையால் அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

"அந்தக் கை மௌத்தாப் போச்சு தம்பி," என்றார். "அதுக்கு எக்ஸசைஸ் என்னத்துக்கு."

குழாயைத் திறந்து கோலைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி ஒருமுறை சுண்டினார். நுனி துடித்தது. இன்னொருமுறை சுண்டினார். முகத்தில் ஏதோ நடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மதினியும் குசினி, அதாவது சமையலறை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்திலும் அண்ணன் மனைவி மதினிதான். அதனால் அவரை மதினி என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. திட்டு வாங்குவதிலும் வரவில்லை.

"அவன் அங்க ஐஸ் மேல இரிந்து மூளையும் ஒறஞ்சு போச்சு," என்றார் மதினி. "அவனுக்கு நீங்க கூட்டு. இவங்க திரும்ப உழுந்தா யாரு தூக்குற? நீங்க கனடாவால வருவீங்களா?"

"வர மாட்டேன் மதினி," என்றேன். உண்மையைச் சொன்னதில் கொஞ்சம் இளகினார்.

அன்று சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி ஆணம், பருப்பு, பொரித்த கத்தரிக்காய். குழம்பை ஆணம் என்கிறார்கள். நானாவுக்கு உள்ளறையில் தட்டு போனது. இடது கையால் விருந்தாளிக்கு முன் தின்ன அவருக்கு மனம் வரவில்லை என்று மதினி மெதுவாகச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் மதினி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல் உள்ளறைக்குக் கேட்கச் சொன்னார்:

"ஒரு மீன். அவங்கட கையால புடிச்ச ஒரு மீன் இந்தக் குசினிக்கு வரட்டும். பொறகு எங்க வேணுமெண்டாலும் போகட்டும், நான் வாயத் தொறக்கமாட்டன். வரல்லயெண்டா இந்தக் கதய இதோட உடணும்."

உள்ளேயிருந்து "சரி" என்று ஒரு குரல் வந்தது. பல மாதங்களில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதானாம்.

இரண்டாம் நாள் முழுக்க ஒத்திகை. முற்றத்தில் ஒரு பெரிய வாளித் தண்ணீர், பக்கத்தில் கதிரையில் நானா. ஈயக்குண்டை இறக்குவது, அடி தட்டியதும் ஒரு சாண் தூக்குவது, நிறுத்துவது, சுண்டுவது. பிறகு கோலை முழங்கால்களில் இடுக்கிச் சுற்றுவது. பத்துத் தடவை கோல் நழுவி விழுந்தது. பதினோராவது தடவை நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாளியில் எத்தனை மீன் என்று ஒருவர் கேட்டார். "ஒங்கட தலையில ஈக்கிறத விடக் கூட," என்றார் நானா. கேட்டவர் வழுக்கை.

நான் வால்ஐக்கென்று கொண்டுபோன வண்ண வண்ணத் தகடுகளையும் ரப்பர்ப் புழுக்களையும் பெட்டியில் அடுக்கிக் காட்டினேன். நானா ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, முருங்கை மரத்தடியில் மண்புழு தோண்டச் சொன்னார். தோண்டினேன்.

மூன்றாம் நாள் தெல்தெனிய. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வலை போடும் சுனில் என்பவர் நானாவுக்குப் பழைய சிநேகம். த்ரீவீலில் போனோம். வழியெல்லாம் நானா வாய் மூடவில்லை. எந்தக் கடையில் இடியப்பம் நல்லது, எந்தப் பாலத்தடியில் எந்த மழைக்குப் பிறகு மீன் ஏறும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார், அந்த இரண்டுமுறையும் எதிரே லாரி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வால்ஐயை நினைத்துக்கொண்டேன்.

சுனிலின் பைபர் தோணியில் நானாவை ஏற்றுவதற்கு இரண்டு பேரும் ஒரு தென்னங்கட்டையும் தேவைப்பட்டன. பலகைமேல் தலையணை போட்டு உட்கார வைத்து, மிதவைச் சட்டையை மாட்டிவிட்டோம். துவாய் மூடிய கை மடியில்.

எங்கள் ஊரில் மீன் எங்கே நிற்கிறது என்று தேடுவதற்குத் திரை வைத்த கருவி உண்டு. அடியில் பாறை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று காட்டும். வால்ஐ பாறையோரம் நிற்கும். அது இல்லாமல் இங்கே என்ன செய்வது என்று நான் யோசிக்கும்போதே நானா இடது கையை நீட்டினார்.

"சுனில், அந்த ரெண்டு மலையும் சேருற எடத்தப் பாத்து உடு. இன்னும் கொஞ்சம். ஆ, இதுதான் பஸ் நிக்கிற எடம்."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். அணை கட்டியபோது பழைய தெல்தெனிய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கே ஒரு துணிக்கடையில் அவர் இளவயதில் வேலை பார்த்தாராம். எங்கள் தோணிக்கு அடியில் கடைத்தெரு இருந்தது.

"இது ரொட்டிக் கடை. இதுக்குப் பின்னால கருங்கல்லுச் சொவர் ஒண்டு ஈக்கி. அதுலதான் மீன் நிக்கும். அந்தக் காலத்தில ரொட்டிக் கடக்காரன் கடன் குடுக்கமாட்டான். இப்ப மீன் குடுக்கட்டும்."

பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்கினார். அடி தட்டியது, ஒரு சாண் தூக்கினார். நின்றது, சுண்டினார். நான் பக்கத்தில் கைவலையோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. எங்கள் ஊர் ஏரியில் இந்த நேரத்துக்குப் பிடிக்கும் கையில் உணர்ச்சி இருக்காது. இங்கே முதுகில் வியர்வை ஓடியது. அதைத் தவிர எல்லாம் ஒன்றுதான். கோல்நுனியைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பது உலகெங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பதினொரு மணி வாக்கில் நுனி ஒருமுறை தலையாட்டியது. பிறகு வளைந்து தண்ணீரைத் தொட்டது.

"ஈக்கி," என்றார் நானா. மீன் இருக்கிறதாம். கோலை முழங்கால்களுக்குள் தள்ளி, இடது கையால் சுற்றினார். கயிறு பிடுங்கிக்கொண்டு ஓடியது. விட்டார். மறுபடி சுற்றினார். சுனில் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தண்ணீருக்குள் பொன்னிறம் புரண்டது. பெரிய பெரிய செதில்கள். "லெஹெல்ல," என்றார் சுனில். ஆற்று மீன்களில் அதுதான் ராஜாவாம். வலையை விட்டு அள்ளினேன். என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வயிறு முட்டையால் புடைத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சட்டப்படி ஒரு அளவுக்கு மேல் இருக்கும் வால்ஐயை வைத்துக்கொள்ளக் கூடாது. அவை தாய் மீன்கள். அவற்றை எடுத்துவிட்டால் ஏரி காலியாகிவிடும். விடுவதையும் உடனே விட வேண்டும். அந்தக் குளிரில் ஒரு நிமிடம் வெளியே இருந்தால் மீனின் கண்ணும் செவுளும் உறைந்து போகும். பதினெட்டு வருடமாக என் கை செய்து பழகிய வேலை. பெட்டி மூடியில் ஒட்டியிருந்த அளவுநாடாவில் மீனை வைத்தேன், கோட்டைத் தாண்டியிருந்தது, தூண்டில் முள்ளைக் கழற்றினேன், இரு கையாலும் தண்ணீரில் தாழ்த்திப் பிடித்தேன். வாலை ஒருமுறை அசைத்துவிட்டு அது ரொட்டிக் கடைக்குத் திரும்பிப் போனது.

நிமிர்ந்தேன். இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு நாடும் ஊரும் குசினியும் ஞாபகம் வந்தன.

கரையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கைகூப்பிச் "சாது, சாது" என்றார். சுனில் சுரத்தில்லாமல் மொழிபெயர்த்தார். நாளைக்குப் போயா, பௌத்தர்கள் உயிர்க்கொலை தவிர்க்கும் பௌர்ணமி. முதல்நாளே ஒரு உயிருக்கு விடுதலை கொடுத்த எனக்கு மிகுந்த புண்ணியமாம். எனக்குத் தண்ணீரில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கடி இல்லை. கரைக்கு வந்ததும் சுனில் தம் வலையில் கிடந்த ஜப்பான் மீன் ஒன்றை, ஊரில் நாம் திலேப்பியா என்கிறோமே அதைத்தான், நானாவிடம் நீட்டினார். தூண்டிலில் பிடித்தது என்று சொல்லிவிடுங்கள் என்றார். நானா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பொய்ய ஊத்தி ஆணம் காச்ச ஏலாது சுனில்."

வீட்டில் மதினி வாசலிலேயே நின்றார். எங்கள் கைகளைப் பார்த்தார்.

"கெடைக்கல்ல," என்றார் நானா. அவ்வளவுதான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க மாட்டார், அந்த மனிதர். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கோழை மாதிரி கை கழுவப் போனேன்.

மறுநாள் போயா. சுனில் தோணியை எடுக்க மாட்டார். வீட்டில் இருக்க முடியாமல் கண்டிக்குப் போனேன். குளக்கரையில் குடும்பம் குடும்பமாக வெள்ளை உடுத்திக்கொண்டு மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். என் தொடை தடிமனுக்கு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள் என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா தன் மகளிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்: "போதும் வா, அதுங்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சு, நமக்குத்தான் பசிக்குது." எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒரு கைப்பிடி போட்டேன். நேற்று விட்ட மீனின் முகமே எல்லாவற்றிலும் தெரிந்தது. மிச்சப் பொரியை நானே தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமையாயிருந்தும் நானா ஜும்மாவுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதிருந்தார். பகல் சாப்பாட்டின்போது அவர் தட்டு உள்ளே போவதற்குள் சொல்லிவிட்டேன்.

"மதினி, அண்ணன் நேத்து மீன் புடிச்சாங்க. இவ்வளவு பெருசு. நான்தான் விட்டுட்டேன்."

மதினி அகப்பையோடு நின்றார். "கைதவறி உழுந்திரிச்சா?"

"இல்ல. கையால எடுத்து விட்டேன். பழக்கதோஷம்."

"புடிச்ச மீனையா?"

"ஆமா."

"எவ்வளவு பெரிசு?"

காட்டினேன். மதினி என் இரண்டு கைகளுக்கு நடுவே இருந்த காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளறையைப் பார்த்துச் சிரித்தார், கசப்பாக.

"ரெண்டு பேரும் கூடிப் பேசி வச்சிரிக்கிறீங்க. மீன் புடிக்கிறவன்ட மீன் எப்பவும் தண்ணியிலதான் நிக்கும். நாப்பது வருஷமா கேக்குறன்."

அந்தச் சந்தேகம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நான் விட்டது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் ஒற்றைக் கையால், அந்த மீனை, ரொட்டிக் கடைச் சுவரிலிருந்து மேலே கொண்டுவந்ததைப் பொய் என்றால்?

"நாளைக்கு நீங்களே வாங்க மதினி. கண்ணால பாருங்க. நாளான்னைக்கு நான் போயிருவேன். வந்து பாத்துட்டு, பெறவு தூண்டில அடுப்புல வைங்க."

சத்தமாகத்தான் பேசிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளறைக் கதவு திறந்தது. நானா நின்றார். மதினி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வந்தா ஒரு கண்டிசன்," என்றார். "நீங்க தோணியில ஏறப்படா. ஏறினா உட்டுருவீங்க."

ஐந்தாம் நாள் அதன்படியே நடந்தது. கூப்பிடு தூரத்தில் தோணியில் நானாவும் சுனிலும். கரையில் ஒரு மாமரத்தடியில் பாய் விரித்து நானும் மதினியும். இடியப்பமும் சம்பலும் கட்டி வந்திருந்தார். நடுநடுவே எனக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், ஆனால் கண் தண்ணீரிலேயே இருந்தது. தோணி அசைந்தால் கையில் இருந்த முந்தானை நுனியை முறுக்கினார்.

"எந்த எடம் அது?" என்று கேட்டார்.

"ரொட்டிக் கடை."

"அப்ப இந்தப் பக்கம் துணிக்கடை வரணும்." கையால் இடத்தைக் காட்டினார். "என்னய நிக்காஹ் செஞ்சு குடுக்க முந்தி எங்கட வாப்பா அந்தக் கடைக்குத்தான் போய் இவங்களப் பாத்த. ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தாராம், ஒரு சாரம் விக்கிறத. பொறுமையான ஆள் எண்டு சொன்னார்."

மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. மேகம் கூடியது. நான்கு மணிக்கு மேல் இருந்தால் மழை பிடித்துக்கொள்ளும் என்று சுனில் சொல்லியிருந்தார். மூன்றரை ஆனது. மதினி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார். என்னால்தான், என்னால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது நானாவின் முதுகு நிமிர்ந்தது.

கரையிலிருந்து பார்க்க எல்லாம் மெதுவாக நடந்தது. கோலை முழங்கால்களில் இடுக்கினார். சுற்றினார். இந்தத் தடவை பெரிய சண்டை இல்லை. சின்ன ஜப்பான் மீன் ஒன்று பக்கவாட்டில் துடித்துக்கொண்டு தோணிக்குள் வந்து விழுந்தது. சுனில் உதவிக்கு நகர்ந்தார். நானா வேண்டாம் என்று இடது கையால் நிறுத்தினார். மீன் துள்ளியது. பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்தார், வழுக்கித் தோணி விளிம்புவரை போனது. இன்னொரு துள்ளல் துள்ளினால் தண்ணீர்.

நான் எழுந்துவிட்டேன். "விழப்போகுது, மதினி, விழப்போகுது."

மதினி பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மீன உடுங்க. கையப் பாருங்க."

பார்த்தேன். துவாய் விழுந்து கிடந்தது. வலது கை மடியைவிட்டு வந்திருந்தது. மீனின்மேல் கிடந்தது அது. பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். தோணிப் பலகையில் மீனை வைத்து, பாதி மடங்கிய விரல்களால் அதை அமுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இடது கையால் முள்ளைக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தார்.

மதினி அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இடியப்பத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம், ஒரே தட்டை.

தோணி கரை தட்டியது. நானா மீனைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. நாலு பேருக்கு ஆணம் காய்ச்சினால் ஆளுக்கு ஒரு முள் கிடைக்கும்.

"என்ட கையால," என்றார்.

"ரெண்டு கையாலயும்," என்றார் மதினி.

நானா குனிந்து பார்த்தார். வலது கையின் விரல்களில் செதில்கள் ஒட்டியிருந்தன. மதினி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல் துடைத்தார். சுனில் தோணியைக் கட்டுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் திரும்பத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

துடைத்து முடித்ததும் மதினி சுனிலிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அதட்டும் குரலில். சுனில் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்று நானாவிடம் கேட்டேன்.

"நாளைக்கும் வாறமாம். தோணிய வேற ஒருத்தருக்கும் குடுக்க வேணாமாம்."

நாளைக்கு நான் இருக்க மாட்டேன் என்பது அவர்கள் மூவரில் யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. எனக்கு அது நிறைவாகவே இருந்தது.